கேஸ்கட்டா, வெயிட்டா, விசிலா?

கூரம் போன்ற கிராமங்களில், வயதான கணவருக்கு வேட்டி நனையத் தொடங்கினால் மனைவி முதலில் தண்ணீரைக் குறைப்பார். அடுத்து டயப்பர். இரண்டுக்கும் முன்னால், ஏன் கசிகிறது என்று தெரிந்தாக வேண்டும். அடுப்பிலிருக்கும் குக்கரை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சிறுநீர்ப்பைதான் குக்கர், 300 முதல் 500 மில்லி பிடிக்கும். பாதி நிறையும்போதே விசில்: "போகணும்" என்ற உணர்வு. அடுப்படியில் நிற்கிற ஆள், மூளை. விசில் கேட்டதும் அடுப்பை சிம்மில் வைத்து, கழிவறை போகும்வரை தாக்குப்பிடிக்கும்.

பக்கவாதமோ மறதி நோயோ வந்தால் அந்த ஆள் இல்லை. கொஞ்சம் நிறைந்ததுமே விசில், உடனே கசிவு. இருமினால், தும்மினால் சொட்டுகிறதா? இடுப்புத்தளத் தசை என்ற கேஸ்கட் தளர்ந்திருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிகம். தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியில் பலருக்குக் குறையும்.

நான் பயப்படுவது வெயிட் அடைப்புக்குத்தான். புராஸ்டேட் வீங்கி வழியை மறித்தாலோ, பல வருடச் சர்க்கரையில் பையின் நரம்பு மரத்துப்போனாலோ, பை காலியாகாமல் நிறைந்து ஓயாமல் சொட்டும். வெளியில் நிறையப் போவதுபோல் தெரியும். உள்ளே தேக்கம், அழுத்தம் சிறுநீரகம்வரை ஏறும். டயப்பர் கட்டினால் இது கண்ணுக்கே தெரியாது. போன பிறகும் எவ்வளவு மிச்சம் என்று ஒரு ஸ்கேன் காட்டிவிடும். அடிவயிறு உப்பி, சிறுநீர் வராமல் தவித்தால் உடனே ஆஸ்பத்திரி.

சில வீட்டில் குக்கரில் பழுதே இருக்காது. கழிவறை கொல்லைக் கோடியில், முழங்கால் வலி, இருட்டு. கட்டிலருகே கமோடு நாற்காலியும் யூரின் பாட்டிலும் ஒரு விளக்கும் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

மூன்று நாள் ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது குடித்தார், எப்போது போனார், எப்போது நனைந்தது. காலை 6 மணிக் காபிக்குப் பிறகு தினமும் 7 மணிக்கு நனைகிறதென்றால், 6.45-க்கே "என்னங்க, ஒருதரம் போயிட்டு வந்துடலாமா?" என்று எழுப்புங்கள்.

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலமும் கட்டிக்கொண்டு பையை அழுத்தும். பகலில் குடிக்கட்டும், படுக்க இரண்டு மணி நேரம் முன்னதாகக் குறைத்தால் போதும். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான். மாலையில் நீர் மாத்திரை போடுகிறார் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நனைந்த இடத்தை டெட்டால் போட்டுத் தேய்க்காமல், வெறும் தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி, வாசலின் லேசாகத் தடவுங்கள்.

காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், திடீரென்று பேச்சு தடுமாறுவது, ஆள் தெரியாமல் குழம்புவது எதுவானாலும் காத்திருக்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை தர வருபவரிடம் கூச்சப்படாமல் கசிவையும் சொல்லி, அந்த மூன்று நாள் தாளைக் காட்டுங்கள்.