கணினிக்குள் ஒரு பெரட்டு

ஜெராம், சுங்கை செம்பிலாங், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களுக்குப் பெரட்டு மறந்திருக்காது. விடியுமுன் ஆள்கள் கூடி நிற்பார்கள். கிராணி பெயர் பெயராகக் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்குச் செக்ரோலில் பேர் விழும், அன்றைய வேலையும் கிடைக்கும். பதில் சொல்லாதவர் லயத்திலேயே படுத்திருந்தாலும் அன்றைக்கு அவர் கணக்கில் இல்லை.

யூனிக்ஸ் வழிவந்த கணினியை முடுக்கும்போதும் உள்ளே இதுதான் நடக்கிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் ஒவ்வோர் இடமாகப் போய், யார் இருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறது. பதில் வந்தவை மட்டுமே பட்டியலில் ஏறுகின்றன.

இந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் நம் ஊர்களுக்கு என்ன பயன்? 2011இல் தொடங்கி 2019இல் முடிந்த ஒன் பெஸ்தாரிநெட் என்ற பள்ளி இணையத் திட்டத்தின் வழியாக மலேசியப் பள்ளிகளுக்குக் குரோம்புக் மடிக்கணினிகள் வந்தன. அவற்றின் இயங்குதளம் யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸ் கெர்னல்மீது கட்டப்பட்டது. அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளைக் கொண்டுவர அரசு நிர்வாக நவீனமயமாக்கல் பிரிவான மாம்பு 2004இலேயே பெருந்திட்டம் வகுத்தது. யூனிக்ஸ் குடும்பம் நமக்குப் புதிதல்ல. ஆனாலும் வைஃபை எடுக்கவில்லை, சத்தம் வரவில்லை என்றால் இயந்திரத்தை ஒதுக்கிவிடுகிறோம். எது கெட்டது என்று அந்த இயந்திரத்தையே கேட்பதில்லை.

எப்படி விசாரிக்கிறது?

வரைகலை அட்டை, வலையமைப்பு அட்டை போன்றவை பிசிஐ என்ற தடத்தில் அமர்ந்திருக்கும். ஒரு தடத்தில் 32 சாதனங்கள் வரை இருக்கலாம். கெர்னல் ஒவ்வோர் இடத்திலும் தயாரிப்பாளர் எண்ணைப் படிக்கிறது. காலி இடமாக இருந்தால் எல்லாம் எஃப் என்ற குறியே திரும்பி வரும். ஆள் இருந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும்: ஒன்று தயாரித்த நிறுவனத்துக்கு உரியது, மற்றொன்று அந்தச் சாதனத்துக்கு உரியது.

இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அது 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும்கூட. இன்டெல் 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் ஆலை திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை அது. அந்த எண்ணைத் திரையில் பார்க்கும் மலேசியருக்கு அதில் சொந்த நாட்டு உழைப்பும் தெரியவேண்டும்.

யூஎஸ்பி சாதனங்கள் இடையில் வந்து சேர்பவை. செருகியதும் ஹப் தகவல் சொல்லும்; கெர்னல் 1 முதல் 127 வரை ஒரு முகவரி கொடுத்து, அது என்ன சாதனம் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கும்.

மூன்று கட்டளைகள்

லினக்ஸ் முனையத்தில் எல்எஸ்பிசிஐ என்று அடித்தால் பிசிஐ சாதனங்களும், எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்தால் யூஎஸ்பி சாதனங்களும், எல்எஸ்பிஎல்கே என்று அடித்தால் வட்டுகளும் அவற்றின் பிரிவுகளும் வரிசையாக வரும். முதல் கட்டளையோடு சிறு கோடும் 'கே' எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொன்றையும் எந்த டிரைவர் மென்பொருள் இயக்குகிறது என்பதும் தெரியும்.

கவனிக்கவேண்டியது இங்கேதான். வைஃபை அட்டை பட்டியலில் இருந்து, டிரைவர் வரி மட்டும் இல்லையென்றால் அட்டை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. செக்ரோலில் பேர் இருக்கிறது, வேலைதான் கொடுக்கப்படவில்லை. தேவை புதிய அட்டை அல்ல, சரியான மென்பொருள்.

பெயருக்குப் பதில் வெறும் எண் வந்தாலும் பயம் வேண்டாம். எண்ணைப் பெயராக மாற்றும் கோப்பு பழையதாக இருக்கும்; அதைப் புதுப்பித்தால் போதும்.

பதில் சொல்லாதவை

பட்டியலில் இல்லாததெல்லாம் கெட்டுப்போனது என்று முடிவு கட்டவும் கூடாது. அட்டை சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், பயாஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருக்கலாம். ராஸ்பெரி பை போன்ற சிறு பலகைகளில் பல சாதனங்களுக்குத் தாமாகப் பதில் சொல்லும் வழியே கிடையாது. எங்கே என்ன இருக்கிறது என்று தனிக் கோப்பில் எழுதிக் கொடுத்தால்தான் கெர்னலுக்குத் தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலே மறுபடி விசாரிக்கவும் முடியும். லினக்ஸின் சிஸ் அடைவில் பிசிஐ பகுதியில் ரீஸ்கேன் என்ற கோப்பு உண்டு. நிர்வாகி உரிமையோடு அதில் 1 என்று எழுதினால் தேடல் மீண்டும் தொடங்கும். சாதனத்தையும் கோப்பாகப் பாவிப்பது 1969இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸின் பழைய வழக்கம். எச்பி-யூஎக்ஸில் ஐஓஸ்கேன், ஏஐஎக்ஸில் சிஎஃப்ஜிஎம்ஜிஆர், சோலாரிஸில் பிஆர்டிகான்ஃப் என்று கட்டளைகள் குடும்பத்துக்குள் மாறினாலும் நோக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பள்ளியிலோ கோவில் அலுவலகத்திலோ பழைய கணினி கிடந்தால், இரும்புக் கடைக்கு ஏற்றுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். யூஎஸ்பி விரலியில் லினக்ஸை ஏற்றி, நிறுவாமல் 'சோதனை' முறையில் முடுக்குங்கள். வட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். மூன்று கட்டளைகளையும் அடித்து, வந்த பட்டியலைத் தாளில் எழுதுங்கள். பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு செய்தால் அதுவே நல்ல கணினிப் பாடம். எதை மாற்றவேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.