ஒரு சொட்டு ரத்தத்தில் புழு சிக்குமா?

யானைக்கால் நோய் நம்ம புதுச்சேரிக்குப் புதுசு இல்லை. இந்திரா நகரில் இருக்கும் வி.சி.ஆர்.சி.யை ஐ.சி.எம்.ஆர். 1975-ல் தொடங்கியது. 1981 முதல் 1985 வரை அவங்க நகரத்தில் கியூலெக்ஸ் கொசுவை ஒழிக்கப் பெரிய திட்டமே நடத்தினாங்க, இந்த நோயைத் தடுக்கத்தான். நோய் குறையக் குறைய ஒரு சிக்கல் வருது: மிச்சம் இருக்கும் கொஞ்ச நஞ்சப் புழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய புழு நிணநீர்க் குழாய்களில் இருக்கும். அதன் குட்டிகளான மைக்ரோஃபைலேரியா ரத்தத்தில் அதிகமாகச் சுற்றுவது ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணி வரை. அதனால்தான் ஊழியர்கள் ராத்திரியில் வீடு வீடாகப் போய், விரலில் குத்தி 20 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க.

இப்போ நம்ம கணக்கைப் போடுவோம். ஒரு மில்லியில் 50 குட்டி இருந்தால், அந்தச் சொட்டில் சராசரியாக ஒன்று. பாய்சான் பரவல் ஞாபகம் இருக்கா? செமஸ்டரோடு மறந்திருப்பீங்க, பரவாயில்லை. ஸ்லைடில் ஒன்றுகூட விழாமல் போக 37% வாய்ப்பு. மில்லிக்கு 10 என்றால் அது 82%! அதாவது நூறு பேருக்குப் புழு இருந்தால் 82 பேருக்கு 'இல்லை' என்று ரிப்போர்ட் வரும். மைக்ராஸ்கோப் எவ்வளவு நல்லதா இருந்தாலும் இதுதான் கதி. சாம்பிளிலேயே இல்லாததை எந்தக் கருவியும் காட்டாது.

இதற்கு வந்த மாற்று எஃப்.டி.எஸ். என்ற சோதனைப் பட்டை. பெரிய புழு வெளிவிடும் ஆன்டிஜன் ரத்தம் முழுக்கக் கலந்திருப்பதால், 75 மைக்ரோலிட்டரைப் பகலிலேயே எடுக்கலாம். பத்து நிமிஷத்தில் ரிசல்ட். ஆனா லேட்டாப் பார்த்தா, இல்லாத கோடும் தெரியலாம். மருந்து சாப்பிட்ட பிறகும் ஆன்டிஜன் ரொம்ப நாள் தங்குவதால், புழு செத்துதா என்று உடனே சொல்ல முடியாது.

எனக்குப் பிடிச்சது மூன்றாவது வழி. மனுஷனை விட்டுட்டுக் கொசுவைச் சோதிப்பது! ஒரு கொசுவைத் தனியாப் பார்த்தா ஒன்றும் தெரியாது. அதனால் பொறியில் பிடித்தவற்றை இருபது, இருபத்தைந்தாகச் சேர்த்து அரைத்து, பி.சி.ஆரில் புழுவின் டி.என்.ஏ.வைத் தேடுவாங்க. ஆயிரக்கணக்கான கொசுக்கள் ஆயிரக்கணக்கான பேரிடம் ஏற்கனவே ரத்தம் எடுத்து வைத்திருக்கே! வி.சி.ஆர்.சி. குழு தஞ்சாவூர் மாவட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கு. யாருக்குப் புழு என்று இது சொல்லாது, எந்தத் தெருப் பக்கம் திரும்பப் போகணும் என்றுதான் சொல்லும். அங்கே போய் மறுபடி விரலில்தான் குத்தணும்.