கட்டி காட்டும் அடையாளம்

மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. ரண சிகிச்சை செய்து எடுத்தாகிவிட்டது. ஒரு ஸ்திரீ அதன் பிறகு பேரன் பேத்திகளைக் கண்டு சௌக்கியமாக வாழ்கிறாள். அதே அளவுள்ள கட்டி உண்டான இன்னொருத்திக்கோ இரண்டே வருஷத்தில் வியாதி எலும்பிலும் ஈரலிலும் தலைகாட்டுகிறது. வீட்டிலுள்ளோர் இதைத் தலைவிதி என்பார்கள். டாக்டர்களும் வெகுகாலம் வேறு வார்த்தைகளில் ஏறக்குறைய அதையேதான் சொல்லிவந்தார்கள்.

முதல் துப்பு ஸ்காட்லாந்தில் கிடைத்தது. கிளாஸ்கோ நகரத்து ரண வைத்தியர் ஜார்ஜ் பீட்ஸன், முற்றிய மார்புப் புற்றுள்ள சில மாதர்களின் சினைப்பைகளை அகற்றிப் பார்த்தார். மார்புக்கும் அடிவயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கட்டி கரைந்தது! 1896-ம் வருஷத்தில் இதை அவர் வெளியிட்டார். எல்லோருக்கும் கரைந்ததா என்றால், இல்லை. சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கே பலன் கண்டது. அவர்கள் யார் என்று முன்கூட்டி அறிய வழியில்லை.

வழி பிறக்க அறுபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. சிகாகோ சர்வகலாசாலையில் எல்வுட் ஜென்ஸன் என்பவர், ஈஸ்ட்ரஜன் என்னும் பெண் ஹார்மோனில் கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனைச் சேர்த்து, அது சரீரத்தில் எங்கே போய்த் தங்குகிறது என்று பின்தொடர்ந்தார். அதைப் பற்றி நிறுத்திக்கொள்ளும் ஒரு புரோட்டீன் சில ஜீவ அணுக்களில் மட்டும் இருந்தது. அந்தப் புரோட்டீனுள்ள கட்டிக்கு ஹார்மோன்தான் ஆகாரம். ஆகாரத்தை நிறுத்தினால் கட்டி வாடும். மற்றக் கட்டிகள் அதை லட்சியம் செய்வதில்லை.

இதைவிட விசித்திரமானது ஹெர்-2 என்ற புரோட்டீனின் கதை. அணுவின் மேற்புறத்தில் நின்று, "வளர்!" என்ற உத்தரவை உள்ளே அனுப்புவது இதன் வேலை. லாஸ் ஏஞ்சலிஸில் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடைய சகாக்களும் 189 கட்டிகளைப் பரிசோதித்து, 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 30 சதவிகிதம் கட்டிகளில் இப் புரோட்டீனை உண்டாக்கும் ஜீன் அளவுக்கு மிஞ்சிப் பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு வியாதி சீக்கிரம் திரும்பிற்று, ஆயுளும் குறைந்தது. (பிற்காலத்துக் கணக்குகள் இதை 15 முதல் 20 சதவிகிதம் என்கின்றன.) அபசகுனம் என்று எழுதிவைத்து விட்டு நின்றிருந்தால் யாருக்கு என்ன லாபம்? அந்தப் புரோட்டீனையே குறிவைத்துப் பிடிக்கும் மருந்து ஒன்று தயாராயிற்று. டிராஸ்டுஸுமாப் என்ற அம்மருந்தை 1998-ல் அமெரிக்க சர்க்கார் அங்கீகரித்தார்கள். ஆரம்ப நிலையிலேயே மற்ற மருந்துகளுடன் இதைக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறதென்று 2005-ல் வெளிவந்த பரீட்சைகள் காட்டின. பயங்கரமான அடையாளமே சிகிச்சைக்குப் பிடியாக அமைந்தது.

கி-67 என்பது இன்னொரு அடையாளம். ஜெர்மனியில் கீல் நகரம். சோதனைத் தட்டில் 67-ம் எண். பெயர் வந்த விதம் அவ்வளவுதான்! பெருகிக்கொண்டிருக்கும் அணுக்களில் இது இருக்கும், ஓய்ந்திருப்பவற்றில் இராது. எத்தனை அணுக்களில் இருக்கிறது என்று எண்ணினால் கட்டியின் வேகம் தெரியும். ஆனால் ஒரே துண்டைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் இரண்டு எண்ணிக்கை சொல்வதுண்டு. ஆகையால் இதை மட்டும் நம்பி முடிவு செய்வது உசிதமல்ல.

பரிசோதனை முறை சுலபமாய்த்தான் தோன்றும். கட்டியை மெழுகில் பதித்து, மயிரிழையினும் மெல்லியதாகச் சீவி, தேடும் புரோட்டீனை மட்டும் பற்றும் பொருளை அதன்மேல் விடுகிறார்கள். புரோட்டீன் உள்ள இடம் பழுப்பு நிறமாகிறது. ஹெர்-2 விஷயத்தில் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. 3 என்றால் உண்டு. 0, 1 என்றால் இல்லை. 2 என்றால் சந்தேகம், ஜீனையே எண்ணிப் பார்க்கவேண்டும். இவை யாவும் நூறு பேரைப் பற்றிய கணக்கே அன்றி, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் ஜாதகம் அல்ல.

அந்த மதிப்பெண்ணுக்கும் 2022-ல் ஒரு மாறுதல் வந்தது. டிராஸ்டுஸுமாபுடன் அணுக்கொல்லி மருந்தொன்றை இணைத்துச் செய்த புது மருந்து, 1 என்று மதிப்பிட்ட கட்டிகளிலும், 2 என்று குறித்து ஜீன் பெருகவில்லை என்று தெரிந்த கட்டிகளிலும், நோய் பரவிய நிலையிலும் பலன் தந்தது. "இல்லை" என்று முடித்துவிட்ட பழைய ரிப்போர்ட்டுகளை டாக்டர்கள் மறுபடியும் எடுத்துப் பார்க்கலானார்கள்.