டொக்டரா, பல் டொக்டரா? பிள்ளையின் படிப்பைத் தெரிவு செய்யும் வீடுகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த நாட்களில் படுவான்கரையில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். 2007 இல் உடுத்த உடையோடு வாவி கடந்து வந்து, முகாமில் இருந்து, பின்பு திரும்பிப் போய் மீண்டும் வேளாண்மை செய்கிற குடும்பம். முகாமில் கைக்குழந்தையாக இருந்த மகள் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். ஆனால் தகப்பனின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"போன வருச வெட்டுப்புள்ளியைப் பார்த்தா டொக்டருக்குக் காணாதாம் பாதர். பல்லுப் புடுங்கிற படிப்புத்தான் கிடைக்குமாம். அதை எழுத வேணாம் எண்டுறன். வட்டைக் காணியை ஈடு வெச்செண்டாலும் வெளிநாட்டுக்கு அனுப்புவம்" என்றார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. எனவே இதை எல்லோருக்குமாக விளக்குவது நல்லது.

வெட்டுப்புள்ளி என்றால் என்ன?

பல்கலைக்கழக அனுமதி இசற் புள்ளிப்படி நடக்கிறது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படும். மட்டக்களப்பும் அப்படியான மாவட்டங்களில் ஒன்று.

பிள்ளைகள் விண்ணப்பத்தில் தாம் விரும்பும் பாடநெறிகளை ஒழுங்குப்படி எழுதவேண்டும். பெரும்பாலானோர் மருத்துவத்தை முதலில் எழுதுகிறார்கள். பல் வைத்தியம் அடுத்ததாக வருகிறது. அதனால் அதன் வெட்டுப்புள்ளியும் வழக்கமாகச் சற்றுக் கீழே நிற்கிறது. அது கேள்வியைக் காட்டுகிறதே தவிர, தொழிலின் பெறுமதியை அல்ல. சந்தையில் விலை கூடிய நெல்தான் சத்துக் கூடிய நெல் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டான் அல்லவா?

இரண்டு தொழில்கள்

மருத்துவப் படிப்பு ஐந்து வருடம். அதன்பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இரவு பகல் என்று பாராத வேலை. விசேட வைத்தியராக வேண்டுமானால் மேலும் பல வருடப் படிப்பும் பரீட்சையும் உண்டு. வந்தாறுமூலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருப்பதால், மருத்துவத்தை எமது மாவட்டத்திலேயே படிக்கவும் வாய்ப்புண்டு.

பல் வைத்தியத்துக்கு நீண்டகாலமாகப் பேராதனைப் பல்கலைக்கழகமே நாட்டின் ஒரே இடமாக இருந்தது. பிற்காலத்தில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் பீடம் அமைந்தது. இதுவும் பல வருடப் படிப்பு. இரு சாராரும் இலங்கை மருத்துவ சபையிலேயே பதிவு பெறுகிறார்கள். பல் வைத்தியருக்கு நுண்ணிய கைவேலையும் கூர்ந்த கண்ணும் வேண்டும். இரவு வேலை குறைவு. ஆனால் தனியாகத் தொழில் தொடங்கக் கதிரையும் கருவிகளும் வாங்கப் பெரும் பணம் தேவை. பட்டம் பெற்றபின் அரச நியமனத்துக்காகக் காத்திருக்க நேர்ந்த காலங்களும் உண்டு. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

பல்லுப் புடுங்குவது மட்டுமா?

இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போட்டு மெல்லும் பழக்கம் இதற்கு முக்கிய காரணம். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்துள்ளது. வயலில் விதைப்பு முதல் சூடடிப்பு வரை எமது மக்களின் வாயில் இருப்பது அதுதானே!

வாயினுள் வெள்ளைப் படை, சிவப்புப் படை, ஆறாத புண், வாயைத் திறக்க முடியாமல் இறுகுதல் ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கக்கூடியவர் பல் வைத்தியர். நேரத்தோடு கண்டால் உயிர் தப்பும். அப்படியானால் அவரைச் சிறிய டொக்டர் என்று எப்படிச் சொல்வது?

காணியை ஈடு வைக்கலாமா?

வெளிநாட்டில் படிப்பது தவறல்ல. ஆனால் எல்லாப் பட்டத்தையும் இலங்கை மருத்துவ சபை ஏற்பதில்லை. அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்பதைப் பணம் கட்டுமுன் சபையிடமே கேட்டறியுங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது. படித்துத் திரும்பியபின் இங்கே ஒரு பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். இடையில் ஒரு வெள்ளமோ வரட்சியோ வந்து வேளாண்மை அழிந்தால் வட்டியை யார் கட்டுவது? இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பத்துக்குக் காணி என்ன என்பதை நாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

உயர்தரத்துக்குப் பாடம் எடுக்கும்போதே கவனியுங்கள். இவ்விரு படிப்புக்கும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் இந்த வாசல்கள் இரண்டும் மூடிவிடும்.

பரீட்சைக்கு முந்திய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். இடம்மாறிய பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். ஆனால் ஒரு பாடநெறியில் சேர்ந்து பதிவு செய்துவிட்டால் வேறொன்றுக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே மனம் ஒப்பாததை எழுதவேண்டாம். ஒப்பினால் வெட்கப்பட்டு விடவும் வேண்டாம். இரண்டுக்கும் புள்ளி காணாவிட்டால் தாதியர் படிப்பு, மகரகமவில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் பயிற்சி போன்ற வழிகளும் உள்ளன.

அந்த வீட்டில் அவ்வளவு நேரமும் மகள் குசினிக் கதவோரம் பேசாமல் நின்றாள். "பிள்ளை, உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டோம். அதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை. "முதல்ல மருத்துவத்தை எழுதுறன் பாதர். அடுத்ததாப் பல் வைத்தியத்தையும் எழுதுறன். எது கிடைச்சாலும் படிப்பன். காணியை மட்டும் ஈடு வெக்க வேணாம்" என்றாள்.

தகப்பன் நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அப்படியே எழுது மகள்" என்றார்.

உங்கள் வீட்டிலும் படிவத்தை நிரப்புமுன் பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்.