படிக்கிற பிள்ளைகளைக் கண்டு பயப்படலாமா?

“பெரிய ஆஸ்பத்திரியா? படிக்கிற பிள்ளைங்க நம்மள வெச்சுத்தானே பழகுவாங்க!” பொந்தியான் பக்கத்து லயங்களில் கேட்கிற பேச்சு இது.

தோழர்களே, விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். டாக்டர்களை உருவாக்கவென்றே நம் நாட்டில் எழுந்த முதல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, கோலாலம்பூருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் நடுவே லெம்பா பந்தாயில் இருக்கிறது. 1962இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் தலைவரான பேராசிரியர் டி.ஜே. தனராஜ் அதற்காகப் பாடுபட்டார். 1968இல் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். பிரசவம், குழந்தை வைத்தியம், ஆப்பரேஷன், இருதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் அங்கே ஸ்பெஷலிஸ்ட் உண்டு.

இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில் மாணவர் நம்மிடம் நோயை விசாரிப்பார், தொட்டுப் பார்ப்பார். மருந்து எழுதுவதும் கத்தி வைப்பதும் தேர்ச்சி பெற்ற டாக்டர்களே. ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் கண்டுபிடிக்கவும் வழியுண்டு. கூச்சமாக இருந்தால், “மாணவர் வேண்டாம்” என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆகவே, பொந்தியானிலிருந்து ஜொகூர் பாருவுக்கோ கோலாலம்பூருக்கோ கடிதம் கொடுத்தால், அதைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். கடிதம், அடையாளக் கார்டு, சாப்பிடுகிற மருந்து மூன்றையும் எடுத்துக்கொண்டு, குறித்த நாளில் போங்க. நாம் நாளைத் தள்ளிப்போடலாம், நோய் காத்திருக்காது.