பீலியைத் தாங்குவது ஆணிதான்

மழைக்காலம் நெருங்கினால் எமது ஹார்ட்வெயார் கடைகளில் பீலிச் சாமான்களுக்குக் கிராக்கி கூடும். வாடிக்கையாளர் பீலிக்குப் பேரம் பேசுவார்; ஆணியைப் பற்றிக் கேட்கமாட்டார். 12 சென்ரிமீற்றர் அகலமும் 10 சென்ரிமீற்றர் ஆழமுமுள்ள பீலி, சருகு அடைத்து நிரம்பினால் மீற்றருக்கு 12 கிலோ தண்ணீர் தொங்கும்.

வெறும் ஆணி உராய்வில் மட்டுமே நிற்கிறது. பலகை நனைந்து காயக் காய அது மெல்லக் கழன்றுவிடும். ஆகவே பிரக்கட்டுக்கு ஸ்குரூ ஆணியையே நான் சிபாரிசு செய்கிறேன். திருத்த வேலையில் பழைய துளை பெருத்திருந்தால், சற்றுத் தள்ளிப் புதிதாக முடுக்கச் சொல்வேன்.

மின்முலாமிட்ட ஸ்குரூவின் நாகப்பூச்சு மெல்லியது. வெளியே விரைவில் கறள் பிடிக்கும். உருகிய நாகத்தில் தோய்த்தது மேல். காத்தான்குடி, பேருவளை போன்ற கடலோர ஊர்களுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே பொருத்தம். அலுமினியப் பீலிக்குப் பித்தளை ஸ்குரூ கொடுக்கவே கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துவிடும். பி.வி.சி. பீலி வெயிலில் நீளும். அதைத் துளைத்து முடுக்காமல் பிரக்கட்டில் கொளுவ வேண்டும்.

மலிவான ஸ்குரூவில் மிஞ்சுவது சில ரூபாய்தான். பீலி விழுந்தால் கெடுவது கடையின் பெயர். எனவே விற்குமுன், "வீடு எந்தப் பக்கம், பீலி எந்த ரகம்?" என்று கேட்டுவிடுங்கள்.