பாலாற்று மணலில் ஒரு பாடம்

ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை. ஆனால் ஆறு வற்றவில்லை. இந்த விசித்திரமான வாக்கியத்தின் பொருள் வட ஆற்காட்டுப் பாட்டிமார்களுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். அவர்களுடைய பேரக் குழந்தைகளுக்கோ விளக்கிச் சொன்னாலும் விளங்குவது கடினம். கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, ஆந்திர தேசத்தைச் சற்றே தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக 348 கிலோமீட்டர் கடந்து வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு, வருஷத்தில் பெரும் பகுதி வெறும் மணல் வெளியாகவே காட்சி தரும். அந்த மணலில் குடமும் கொட்டாங்கச்சியுமாக இறங்கி, ஊற்றுத் தோண்டி, நீர் கொணர்ந்து குடும்பத்தைக் காத்தவர்கள் அந்தப் பாட்டிமார்கள்.

அதை அவர்கள் வேலை என்று எண்ணினார்களே தவிர, வித்தை என்று எண்ணியதில்லை. உண்மையில் அது நல்ல வித்தைதான். மணல் எங்கே சற்று கறுத்து ஈரம் காட்டுகிறது, நாணல் எந்தப் பக்கம் பசுமை மாறாமல் நிற்கிறது என்று முதலில் கண் பார்க்க வேண்டும். குழியின் வாய் அகலமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மணல் சரிந்து மூடிவிடும். முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துக் கொட்டிவிட்டுச் சற்றுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் இப்பாடத்தில் கடினமான பகுதி என்று நமக்குத் தோன்றுகிறது. நீர் தெளிந்த பிறகு, அடி மண் கிளறாதபடி கொட்டாங்கச்சியால் மொண்டு, துணியால் வடிகட்டிக் குடத்தை நிரப்ப வேண்டும். இதே அறிவைப் பெரிதாக்கித்தான் உழவர்கள் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, மணலுக்குள் மறைந்திருந்த நீரை வயலுக்குக் கொண்டு சென்றார்கள். எந்திரமும் எண்ணெயும் அதற்குத் தேவைப்படவில்லை.

பிள்ளைகளை வெளியிலே அழைத்துச் சென்று இயற்கையோடு பழகக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. பேடன் பவல் துரை தம்முடைய சாரண முறையின் ஆரம்பப் பாடங்களில் சிலவற்றை இந்தியாவில் படை வீரர்களுக்குப் பயிற்சி அளித்தபோதே வகுத்தார். ஆயினும், அவருடைய இயக்கம் இங்கே வந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அதைப் பொறுக்காமல் அன்னி பெசண்டு அம்மையார் 1916-ல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கி, சிறுவர்களுக்குத் தலைப்பாகை கட்டி அணிவகுக்கச் செய்தார். பின்னர் 1950 நவம்பர் 7-ல் நாட்டிலிருந்த சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. இன்றும் நம் பிள்ளைகள் முகாமுக்குப் போகிறார்கள்; முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் கற்கிறார்கள். மிகவும் நல்லது. ஆனால் ஆம்பூர்ப் பையன் ஒருவன் ஆம்பூர் மண்ணில் பிழைக்க அறிய வேண்டியதை எந்தக் கைப்புத்தகத்தில் தேடுவது?

ஏரிக்கரையில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையையே எடுத்துக் கொள்ளுங்கள். நீர் ஊற்றுவாரின்றி வளரும் செடி. பூவைப் பொங்கல் காப்புக்குக் கட்டுகிறோம், காய்ச்சிக் குடிக்கிறோம். இதன் பட்டைதான் ஒரு காலத்தில் இவ்வட்டாரத்துத் தோல் தொழிலின் உயிர். தோலைப் பட்டைச் சாற்றில் வாரக் கணக்கில் ஊறவைத்து, முடிவில் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து எடுப்பார்கள். அவ்வாறு பதனிட்ட தோல் கப்பலேறிச் சீமைச் சந்தையில் பேர் வாங்கியது. 1903-ல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் புகுத்தினார். பல ஆண்டுகள் அது மெதுவாகவே பரவியது. அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு 1970-களில் கட்டுப்பாடு வந்த பிறகு குரோம் முறையே மேலோங்கிற்று. வார வேலை நாள் வேலையாயிற்று. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறும் கிடைத்தது. அதை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் கழிவு எங்கே போயிற்று? தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பும், பதனிடும் ரசாயனமும் பாலாற்று மணலுக்குள் இறங்கின. குரோமியத்தையாவது பிரித்தெடுக்கலாம், நீரில் கரைந்த உப்பை லேசில் பிரிக்க முடியாது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப் போயிற்று என்ற கணக்கு சுப்ரீம் கோர்ட்டின் முன் வைக்கப்பட்டது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பாயிற்று. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு மறுபடியும் இவ்விஷயத்தை எடுத்து, மேற்பார்வைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஊற்றுத் தோண்டும் வித்தை மறந்து போனதற்கு நாம் பிள்ளைகளைக் குறை கூறுகிறோம். தோண்டினாலும் குடிக்க முடியாத ஊற்றை எந்தத் தாய் தன் பெண்ணுக்குக் கற்பிப்பாள்?

வாழ்வு மாறியும் வித்தை அழியாத உதாரணம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. அதுவும் தோல் வியாபாரத்தோடு தொடர்புடையதுதான். மண்ணில் பதிந்த தடம் பார்த்தே பாம்பின் போக்கை அறிபவர்கள் இருளர்கள். முன்பு பாம்புத் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும், அதன் பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-ல் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அங்கே போகும் குழந்தைகள் பாம்பைக் கண்டவுடன் கம்பைத் தேடுவதற்குப் பதிலாக நின்று பார்க்கக் கற்கிறார்கள். மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் பிளாரிடா வரை சென்றுவந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. காட்டறிவுக்கும் பட்டம் உண்டு என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டதாயிற்று.

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் ஏலகிரிக்கும் அமிர்திக்கும் உல்லாசப் பிரயாணம் போகின்றன. நல்ல மழை பெய்த வருஷத்தில், தை மாதம் ஒரு நாளைப் பாலாற்றுக்கும் ஒதுக்கட்டும். ஊற்றுத் தோண்டத் தெரிந்த பாட்டி ஒருவரை, உரிய சம்பளம் கொடுத்து, ஆசிரியராக அழைத்து வரட்டும். தோல் சாலைகளுக்கு மேலே ஒரு குழி, அவற்றுக்குக் கீழே ஒரு குழி என்று இரண்டு குழிகள் பிள்ளைகள் தோண்ட வேண்டும். நீரை வாயில் வைக்க வேண்டாம். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு நீரிலும் அதைத் தோய்த்துப் பார்த்து, எண்களைக் கரும்பலகையில் வருஷாவருஷம் எழுதி வரட்டும்.